கலங்கரை விளக்கில் நின்ற லுப்பன்

ஒட்னியின் தலை முழுக்க வெள்ளித்தாள் மடிப்புகள். சாயம் ஊறுகிற வரைக்கும் அவளைத் தன் முடி திருத்தும் கடை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு குன்வோர் சீப்புகளைக் கழுவினாள். கழுவி வைத்த சீப்புகளையே எடுத்து இன்னொரு முறை கழுவினாள். ஈரக் கையைத் துடைத்தும் துடைக்காமலும் கைபேசியை எடுத்துப் பார்த்தாள். லுப்பன் அசையாமல் அங்கேயே நின்றது.

"நிக்குதா?" ஒட்னி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நிக்குது."

"நிக்காம? நிறுத்தினது யாரு! ஒரு வாரமா அந்த ஹால்வாரால அதை ஒரு இம்மிகூட அசைக்க முடியலையே. காலைல எழுந்ததும் அதுக்குப் பழம் ஊட்டிட்டுத்தான்டி நான் காப்பியே குடிக்கிறேன்."

வேறொரு நாளாக இருந்தால் இந்தப் பேச்சில் குன்வோருக்கு உச்சி குளிர்ந்திருக்கும். இன்றைக்கு அவள் அதே சீப்புகளை மூன்றாவது முறை தண்ணீரில் போட்டாள். மத்தியானப் படகில் அவள் மகள் சிக்னே ராணுவச் சேவைக்குக் கிளம்புகிறாள். வடக்குக் கோடியில், ரஷ்ய எல்லையோரப் பாசறையில் ஒரு வருஷம். போகிறவள் அம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: லுப்பன். படகு ஏறும்போது என் கைபேசிக்கு மாற்றிக் கொடு, அது போதும் என்றாள். அம்மாக்காரியும் தருகிறேன் என்று வாய் நிறையச் சொல்லிவிட்டாள். லுப்பனோ கடலுக்கு நடுவே கலங்கரை விளக்கில் காவல் நிற்கிறது. நிறுத்தியவளே நினைத்தாலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

லுப்பன் ஒரு கைபேசி விளையாட்டில் வளர்க்கிற பிராணி, அந்த விளையாட்டின் விதி அப்படி. ஸ்கார்விக் ஊரின் வரைபடம் அப்படியே கைபேசிக்குள் இருக்கும். நூலகம், நீச்சல் குளம், தேவாலய வாசல், மீனவர் சிலை, கலங்கரை விளக்கு எல்லாம் அதில் கோட்டைகள். விளையாடுகிற ஜனம் பச்சை, சிவப்பு என்று இரண்டு அணி. கோட்டையைப் பிடித்தவர் தான் வளர்த்த பிராணிகளில் ஒன்றை அங்கே காவல் நிறுத்தலாம். அதே அணிக்காரர்கள் எங்கே இருந்து வேண்டுமானாலும் அதற்குப் பழம் ஊட்டித் தெம்பேற்றலாம். அடிக்கிற எதிரணிக்காரர் மட்டும் கோட்டைக்குப் பக்கத்தில் வந்தாக வேண்டும். அவர் அடித்து வீழ்த்தினால்தான் பிராணி உரியவரிடம் திரும்பி வரும். அதுவரை அதை யாருக்கும் கொடுக்கவும் முடியாது.

போன வாரம் கோட்டை வாரம் தொடங்கியது. வருஷத்துக்கு ஒரு தடவை வருவது. எந்த அணி எந்தக் கோட்டையை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்பதுதான் அந்த வாரம் பூராவும் ஊரில் பேச்சு. பச்சை அணிக்குக் குன்வோர்தான் தலைவி. அவளை ஒருவரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. முடி வெட்டிக்கொள்ள எல்லாரும் அவள் கடைக்குத்தான் வர வேண்டும், கத்தரி அவள் கையில் இருக்கிறது, எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்? யாருடைய எந்தப் பிராணி எங்கே நிற்க வேண்டும் என்று அவள் சொன்னால் அதுதான் முடிவு.

வாரம் தொடங்கிய அன்று கடையைச் சாத்திவிட்டு, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டே அவள் காவலுக்கு ஆள் போட்டாள். நூலகத்தை அடிக்க வருகிறவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களுக்குப் பொறுமை கிடையாது. ஆகவே அடிக்க அடிக்கத் தூங்கி எழுகிற கிழட்டு ஆமை ஒன்று அங்கே போதும். நீச்சல் குளத்துக்கு ஒட்னியின் முள்தவளை. தேவாலய வாசல் கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் பாதிரியார் ஐவின் சிவப்பு அணி, அவருக்கு ஜன்னலைத் திறந்தால் கோட்டை. பிரசங்கம் எழுதாமல் தப்பிக்க வழி தேடுகிற மனிதர் வேறு. அவரை அலுக்க வைக்க இரும்புச் சிப்பி. அது திருப்பி அடிக்காது, சாகவும் சாகாது.

கலங்கரை விளக்குக்கு வந்தபோது ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள். அங்கே அடிக்கப் போகிறவன் ஹால்வார். கலங்கரை விளக்கை ஒட்டிய சால்மன் மீன் பண்ணையில், தீவனத் தெப்பத்தில் அவனுக்கு வேலை. பகல் முழுக்கக் கோட்டைக்குப் பக்கத்திலேயே இருப்பவன். அவளுடைய முன்னாள் புருஷன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் வீட்டை விட்டுப் போனான். சண்டை என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது. இரண்டு பேருக்கும் பேச்சு வற்றிப்போயிற்று, அவ்வளவுதான். ஆனால் போனவன் சந்தோஷமாக இருக்கிறான் என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள். அதைத்தான் குன்வோரால் தாங்க முடியவில்லை. அவனைக் கோட்டைகளில் அடித்து அடித்துத் தீர்த்துக்கொண்டாள்.

அவன் கையில் இருப்பதெல்லாம் தீப்பருந்துகள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு பிராணி பிடித்துப்போனால் அதையே கட்டிக்கொண்டு அழுகிற சுபாவம் அவனுக்கு. தீப்பருந்தின் நெருப்பு சேற்றுக் கரடியிடம் பலிக்காது. அவளிடம் பலமான சேற்றுக் கரடி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது லுப்பன்.

லுப்பன் அவள் கைபேசியில் இருந்ததே தவிர, வளர்த்தவள் சிக்னே. ஹால்வார் போன அந்தக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் அம்மாவாலும் மகளாலும் உட்கார முடியவில்லை. சாயங்காலமானால் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு இருட்டில் நடக்கக் கிளம்பிவிடுவார்கள். சிக்னேயின் கைபேசி உடைந்து கிடந்ததால் அம்மாவின் கைபேசி அவள் கையில் இருக்கும். ஒரு நாள் ஆலங்கட்டி மழையில், பூட்டிக் கிடந்த மீன் கொட்டகைக்குப் பின்னால், ஒரு குட்டிச் சேற்றுக் கரடி திரையில் வந்து உருண்டது. "என்னம்மா இது இவ்ளோ குண்டா இருக்கு!" என்று சிக்னே சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். குண்டன் என்ற அர்த்தத்தில் லுப்பன் என்று அவளே பேர் வைத்தாள். வசந்தம் வரும்வரை அதை நடத்தி நடத்தித்தான் இவ்வளவு பெரிதாக்கினாள்.

அதை நிறுத்தும்போது குன்வோருக்குக் கட்டைவிரல் தயங்கத்தான் செய்தது. எப்படியும் ஒரு நாளில் ஹால்வார் வீழ்த்திவிடுவான், லுப்பன் வீட்டுக்கு வந்துவிடும், அதற்குள் அவனுக்கு வேர்த்து வடிந்தால் சரி என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அழுத்திவிட்டாள்.

ஒரு நாள் ஆயிற்று. லுப்பன் விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை சிக்னே கம்பளிக் காலுறைகளைச் சுருட்டிப் பையில் அடைத்துக்கொண்டே, "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்மா, லுப்பனைக் குடு. இப்ப வேண்டாம், படகு ஏறும்போது குடு" என்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம். குன்வோர் சொல்லவில்லை. நாளைக்கு விழுந்துவிடும் என்று இருந்தாள். மறுநாளும் அப்படியே இருந்தாள். கடைக்கு வருகிறவர்களிடம் "ஹால்வார் பயந்துட்டான்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே, கத்தரியை வைத்துவிட்டுத் திரையைப் பார்ப்பதும் மறுபடி கத்தரியை எடுப்பதுமாக வாரம் ஓடிவிட்டது. நேற்று ஒருவருக்குக் காதோரம் ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கமாக வெட்டி அனுப்பியிருக்கிறாள். பாவம், நல்ல மனுஷர், ஒன்றும் சொல்லாமல் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இனி கௌரவம் பார்த்து ஆகாது. ஒட்னியை அப்படியே விட்டுவிட்டு, துண்டுகள் வைத்திருக்கும் பின்னறைக்குப் போய் ஹால்வாருக்கு போன் போட்டாள்.

"சொல்லு குன்வோர்." பின்னால் தீவன எந்திரம் இரைந்தது.

"ஒரு உதவி வேணும். லைட்ஹவுஸ்ல என் கரடி நிக்குது இல்ல?"

"ஆமா, நிக்குது."

"அதைக் கொஞ்சம் அடிச்சுத் தள்ளிடேன்."

எந்திரம்தான் இரைந்தது.

"கேக்குதா ஹால்வார்?"

"கேக்குது. அதை நான் அடிக்க மாட்டேன்."

"ஏன்? கைல சுளுக்கா? இத்தனை நாளா என் கோட்டை ஒண்ணையும் விட்டு வைக்காதவன், நானே கேட்கும்போது மட்டும் மாட்டேங்கறியா? வேணும்னே பண்ற!"

"நீதான நிறுத்தின. நீயே பாத்துக்க."

வைத்துவிட்டான். குன்வோருக்குக் காதெல்லாம் சூடேறியது. திரும்பி வந்து ஒட்னியின் தலையை அலசினாள். தண்ணீரின் சூட்டைப் பார்க்க மறந்துபோனாள்.

"ஐயோ! தலையை அலசுறியா, வேக வைக்கிறியா?"

"மன்னிச்சுக்கோ ஒட்னி."

"பொண்ணு போற கவலை. போகட்டும், விடு. நீ படகுத்துறைக்குப் போ, லுப்பனை நான் பாத்துக்கறேன். ஒரு பய தொட முடியாது."

இவளிடம் என்னவென்று சொல்வது? நம் கரடி தோற்க வேண்டும், பழம் ஊட்டாதே என்று தலைவியே சொன்னால் ஏன் எதற்கு என்று குடைவாள், சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். குன்வோர் வாயை மூடிக்கொண்டு அவள் தலையைத் துவட்டினாள்.

கடையைப் பூட்டிவிட்டு நேரே தேவாலயத்துக்கு ஓடினாள். பாதிரியார் ஐவின் முழங்கால் சேற்றில் பதிய, ரோஜாச் செடிக்குக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். சிவப்பு அணியில் சொந்தப் படகு வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான்.

"ஐவின், உடனே லைட்ஹவுஸ் வரைக்கும் போய் என் கரடியை அடிக்கணும். இப்பவே."

"பாவமன்னிப்பு கேக்க வந்திருக்கியோன்னு பாத்தேன்" என்றார் அவர். "என் படகு மோட்டார் கழட்டிப் போட்டு ரெண்டு வாரமாச்சு. போல்ட்டு ஒண்ணு எங்க விழுந்துதுன்னு தெரியல."

"வேற யார்கிட்டயாவது படகு வாங்கிட்டுப் போ."

அவர் மண்கட்டியை உதறினார். "போனாலும் அடிக்க மாட்டேன். எங்க அணிப் பசங்க யாரும் அதைத் தொடறதில்ல. உனக்குத் தெரியாதா?"

"அவ்ளோ பயமா?"

பாதிரியார் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தவர், "வீட்டுக்குப் போ குன்வோர். பொண்ணு காத்துட்டு இருப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் களையைப் பிடுங்கத் தொடங்கினார்.

வீட்டில் சிக்னே பெரிய பையைக் கதவருகே வைத்துவிட்டுத் தயாராக நின்றாள். நேற்று அம்மா கையாலேயே ஒட்ட வெட்டிக்கொண்ட தலை. கழுத்து வெளேரென்று தெரிந்தது. குன்வோர் அவள் காலரைத் தூக்கிவிட்டாள். படகுத்துறை வரை நடந்தார்கள். வழியெல்லாம் குன்வோர் வாய் மூடவில்லை: பல் டாக்டரிடம் காட்டினாயா, அங்கே குடிதண்ணீர் எப்படி, கால் நனைந்தால் உடனே காலுறையை மாற்று. சட்டைப்பைக்குள் கை போய்ப் போய்க் கைபேசியைத் தொட்டது. சிக்னே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

படகு வந்து ஒட்டியது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள். சிக்னே பையைத் தோளில் மாட்டினாள், அம்மாவைக் கட்டிக்கொண்டாள், விலகி நின்று முகத்தைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லு என்பது போல இருந்தது அந்தப் பார்வை. குன்வோர் அவள் பையின் வாரை இழுத்துச் சரிசெய்தாள்.

"சரிம்மா. வரேன்" என்று அவள் திரும்பிவிட்டாள்.

பலகையை இழுக்கப் போன படகுக்காரன், "ஏய், ஏய்!" என்று கத்தக் கத்தக் குன்வோர் தாவி ஏறினாள். மழைக்கோட்டு இல்லை, சீட்டு இல்லை, இடுப்பில் கடை ஏப்ரன் அப்படியே தொங்கியது.

சிக்னே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எதிரே வந்து விழுந்த அம்மாவைப் பார்த்து அவள் கண் விரிந்தது. "நீயும் பட்டாளத்துல சேரப் போறியா?"

"அடுத்த துறை நெஸ் வரைக்கும் வரேன். அங்க இறங்கிக்கறேன்."

"திரும்பி வரப் படகு சாயங்காலம்தான். கடை?"

"கடை கிடக்குது." குன்வோர் ஏப்ரனின் நாடாவை அவிழ்த்தாள், முடிந்தாள், மறுபடி அவிழ்த்தாள். "சிக்னே, லுப்பன் என்கிட்ட இல்ல."

"ம்."

"லைட்ஹவுஸ்ல காவலுக்கு நிறுத்திட்டேன். நீ கேக்கறதுக்கு முன்னாடியே நிறுத்தினது. விழுந்துடும், விழுந்துடும்னு பாத்தேன். அது விழவே இல்லடி. காலைல உங்கப்பாவையே அடிக்கச் சொன்னேன், மாட்டேன்னுட்டான்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நிறுத்தினது தெரியும். அன்னிக்கே அப்பா போன் பண்ணாரு. 'உங்கம்மா லுப்பனைக் கொண்டாந்து என் எதிர்ல நிறுத்தியிருக்கா, அதை நான் எப்படிடா அடிப்பேன்'னாரு. சிவப்புக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு, அது என் பொண்ணோடது, யாரும் தொடாதீங்கன்னு."

குன்வோருக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. அவன் பயந்துபோனான் என்று தலைக்குத் தலை சொல்லி அனுப்பியிருக்கிறாளே! பாதிரியார் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் கழுத்து வரை சிவந்துபோனாள். வெட்கத்துக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது, அதுதானே அவள் குணம்.

"அப்ப தெரிஞ்சேதான் என்கிட்ட கேட்டியா? என்னைச் சோதிச்சுப் பாத்தியா?"

"ஆமா."

"பெத்தவளையா?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்மா." சிக்னேயின் குரல் உயரவில்லை. "நான் அங்க போய்ட்டா நீ வீட்டுல தனியா இருப்ப. போன் பண்ணினா 'எனக்கென்ன, நல்லா இருக்கேன்'ம்ப. அப்பா போனப்பவும் அதையேதான் சொன்ன. ராத்திரி பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதது எனக்குக் கேக்காதுன்னு நினைச்சியா? அங்கேர்ந்து நான் எப்படித் தெரிஞ்சுக்கறது, நீ சொல்றது நிஜமா பொய்யான்னு? லுப்பன் எனக்கு எதுக்கு? எனக்கு அதைத்தான் தெரிஞ்சுக்கணும்."

குன்வோர் வெளியே பார்த்தாள். தண்ணீரும் பாறையும் கலங்கலாகத் தெரிந்தன. ஒரு வாரமாக இந்தப் பெண் காலுறையைச் சுருட்டிக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் அம்மாவின் வாயைப் பார்த்துக் காத்திருந்திருக்கிறாள். அம்மாவோ அந்த நேரமெல்லாம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகின் வேகம் குறைந்தது. மீன் பண்ணையைத் தாண்டும்போது அலை எழும்பாமல் மெல்லத்தான் போக வேண்டும். வட்ட வட்டமான வலைக் கூண்டுகள், அவற்றின் நடுவே சாம்பல் நிறத் தெப்பம், அதற்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கலங்கரை விளக்கு. சிக்னே கைபேசியை எடுத்தாள். திரையில் கோட்டை எழுந்தது. உச்சியில் லுப்பன், தொப்பையைச் சொறிந்துகொண்டு நின்றது.

"நானும் சிவப்புதான், மறந்துட்டியா? புது போன் வந்ததும் அப்பா அணியிலதான சேர்ந்தேன்" என்றாள். "நானே அடிக்கிறேன்."

அவளுடைய பனி ஓநாய் பாய்ந்தது. லுப்பன் தள்ளாடியது. பலம் காட்டும் கோடு பாதியாகக் குறைந்தது, இன்னும் குறைந்தது, சட்டென்று மறுபடி மேலே ஏறியது. லுப்பனின் தலைக்கு மேல் ஒரு பழம் மின்னி மறைந்தது.

"யாரு ஊட்டறாங்க?"

"ஒட்னி!" குன்வோர் தன் கைபேசியைத் தட்டினாள். முதல் தடவை அழைப்பு வேறு யாருக்கோ போயிற்று. "ஒட்னி! ஊட்டறதை நிறுத்து!"

"என்னடி சொல்ற? எவளோ ஒருத்தி அடிக்கிறா, உன் பொண்ணு பேரையே போட்டிருக்கு!"

"அவ என் பொண்ணு!"

"சொந்தப் பொண்ணேவா? காலம் கெட்டுப்போச்சு. கவலைப்படாதே, என்கிட்ட கூடை நிறையப் பழம் இருக்கு."

"ஐயோ ஒட்னி, கரடி அவளோடது! அவளோடதை எடுத்து நான் வம்புக்கு நிறுத்திட்டேன். ஹால்வார் பயப்படவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது மகளோடதுன்னு விட்டு வச்சிருக்கான். அதை அவளுக்குத் திருப்பிக் கொடுக்கணும். நீ கையை எடு!"

பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இதைக் காலைலயே சொல்லியிருந்தா நான் வெந்நீர்ல வெந்திருக்க வேண்டாமே" என்றாள் ஒட்னி. "எடுத்துட்டேன் போ."

தெப்பம் பின்னால் நழுவத் தொடங்கியது. லுப்பனின் கோடு இறங்கியது, ஆனால் மெதுவாக இறங்கியது. வாரம் முழுக்க ஊரே ஊட்டிய தெம்பு. "எட்டாதும்மா, தாண்டிப் போய்டுவோம்" என்று சிக்னே பல்லைக் கடித்தாள். அப்போதுதான் திரையில் அவள் பேருக்குக் கீழே இன்னொரு பேர் வந்தது. ஹால்வார். அவனுடைய தீப்பருந்து ஓநாய்க்குப் பக்கத்தில் இறங்கியது.

ஜன்னலுக்கு வெளியே, தெப்பத்தின் ஓரத்தில் ஆரஞ்சு உடுப்புக்காரன் ஒருவன் ஒரு கையில் கைபேசியோடு நின்றான், இன்னொரு கையை உயர்த்தி ஆட்டினான். சிக்னே எழுந்து கண்ணாடியில் உள்ளங்கையை அழுத்தினாள். குன்வோர் திரையைப் பார்த்தாள். அப்பாவும் மகளும் ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் அவள் நிறுத்திய காவல், அதற்குக் கீழே அவள் பேர் மட்டும். ஊட்டுவதற்கான பொத்தான் அவள் கட்டைவிரலுக்குக் கீழேயே ஒளிர்ந்தது. பழகிய விரல், ஒரு துடிப்புத் துடித்தது. கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"விழுந்துடுச்சு!" என்றாள் சிக்னே.

லுப்பன் அம்மாவின் கைபேசிக்குத் திரும்பியிருந்தது. குன்வோர் மகளின் பேரைத் தேடி, மாற்றிக் கொடுக்கும் பொத்தானை அழுத்தினாள். இனி சிக்னே தன் பக்கம் ஏற்றுக்கொண்டால் முடிந்தது. அவள் விரலைத் திரைக்கு மேலேயே வைத்துக்கொண்டு அழுத்தாமல் இருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். காலைல அப்பா சரின்னு சொல்லி அடிச்சுக் குடுத்திருந்தா, என்கிட்ட இதைச் சொல்லியிருப்பியா?"

சொல்லியிருப்பேன் என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. சொல்லிவிட்டால் பெண் சிரித்த முகமாகப் போவாள். நெஸ் துறை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. குன்வோர் ஏப்ரன் நாடாவை விரலில் சுற்றினாள்.

"மாட்டேன்" என்றாள். "துறையிலேயே உனக்குக் குடுத்துட்டு, கையாட்டிட்டு, வீட்டுக்குப் போயிருப்பேன். சாகற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்."

சிக்னே அம்மாவின் விரலில் சுற்றியிருந்த நாடாவை மெல்ல அவிழ்த்துவிட்டாள். பிறகு அழுத்தினாள். லுப்பன் இந்தக் கைபேசியிலிருந்து மறைந்து அந்தக் கைபேசியில் போய் உட்கார்ந்தது.

நெஸ் துறையில் இறங்குவதற்கு இருந்தது குன்வோர் ஒருத்திதான். மகள் பலகை வரை கூட வந்தாள். அம்மா மேலே வெறும் சட்டையோடு இருப்பதைப் பார்த்துத் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவள் தோளில் போர்த்தினாள். படகுக்காரன் இந்தத் தடவை ஒன்றும் கத்தாமல் காத்திருந்தான்.

கயிறு அவிழ்ந்தது. துறைக்கும் படகுக்கும் நடுவே தண்ணீர் அகலமாயிற்று. சிக்னே பின்கட்டுக்கு ஓடி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அம்மா! தனியா இருந்துக்குவியா?"

எந்திரச் சத்தத்தில் கேட்காததுபோல் கையை ஆட்டிவிட்டு நின்றிருக்கலாம். குன்வோர் இரண்டு கையையும் வாயருகே குவித்தாள்.

"தெரியலடி!" என்று கத்தினாள். "பயமா இருக்கு!"

சிக்னே தலையை ஆட்டினாள். அழுதுகொண்டே சிரித்தாள். "சரி!" என்று அவளும் கத்தினாள். "ராத்திரி போன் பண்றேன்! எடுக்கணும்!"